மேட்டுப் பக்கம் போன பந்து

ஊரிகத்து டென்னிஸ் கோர்ட்டில் மணிக்கணக்கு கிடையாது, ஷிஃப்ட் கணக்குதான். விடிந்ததும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், வெயில் ஏறியதும் செகண்ட் ஷிஃப்ட், சாயங்காலம் தேர்ட் ஷிஃப்ட். ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஷாஃப்டில் ஆளை இறக்கும் கேஜ் இறங்குவதில்லை, சங்கும் ஊதுவதில்லை. கோர்ட்டில் மட்டும் ராஜப்பா இன்னும் ஷிஃப்ட் பிரித்துக்கொண்டிருக்கிறார். கிளப்புக்குக் கோடு போடுவது, தண்ணீர் தெளிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். அவர் பேச்சுக்கு அப்பீல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பாக்யலட்சுமிக்கும் அமலாவுக்கும். அமலா, பாக்யாவின் வீட்டுக்காரருக்குத் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாத்தனாரும் அண்ணியும் ஒரே பக்கத்தில் நின்று ஆடுவதைப் பார்க்கவே ஆரம்பத்தில் நாலு பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை, கூட்டமும் கலைந்துவிட்டது.

அந்த ஷிஃப்டை அவர்கள் ஜெயித்து வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம், தை மாசத்தில், யார் வேண்டுமானாலும் "உங்க ஷிஃப்ட் எங்களுக்கு வேணும்" என்று சவால் விடலாம். ஒரே செட். ஜெயித்தவர்களுக்கு ஷிஃப்ட், தோற்றவர்களுக்கு மிச்சம் இருப்பது. இத்தனை நாள் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் இருந்தது. இந்தத் தையில் கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர்கள் சுனிலும் சில்வியாவும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடி. சுனிலின் அப்பா பெரிய ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்தவர், வீடு அந்தக் காலனியில்தான். இரண்டு பேரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். ஷூவும் புதிது, பையும் புதிது, முட்டியும் புதிது. சுனில் பேசுவதும் மரியாதையாகத்தான் பேசினான்.

"சும்மா ஒரு ஃப்ரெண்ட்லி சேலஞ்ச்தான் அக்கா. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான்.

"இதுல இன்னாப்பா தப்பு, ரூல் கீது, கேக்கறீங்க" என்று பாக்யாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

தோற்றால் கிடைப்பது தேர்ட் ஷிஃப்ட். கோர்ட்டில் விளக்கு கிடையாது, இருட்டும் வரைதான் ஆட்டம். ஞாயிறு சாயங்காலம் பாக்யாவுக்கு ஆறு நாள் துணியை மடிக்க வேண்டும், திங்கட்கிழமைக்கு மாவு அரைக்க வேண்டும், விடியுமுன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். அமலாவுக்கோ டியூஷன் பிள்ளைகள். ஆக, ஷிஃப்ட் போனால் டென்னிஸே போனது மாதிரி. வாரத்தில் ஆறு நாள் போகும்போதும் வரும்போதும் யாரோ ஒருவருடைய முழங்கைக்கும் யாரோ ஒருவருடைய டிபன் பைக்கும் நடுவில் நின்றுகொண்டே போகிற உடம்பு அது. ஞாயிறு காலையில் மட்டும் அது கையை விரித்துக்கொள்ளும். அதையும் விட்டுக்கொடுத்தால் தனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று பாக்யா நிஜமாகவே நம்பினாள்.

அவளுடைய ஆட்டத்தில் ஒரே ஒரு கோளாறு. கையை ஓங்கும்போது ஆளையே அடித்துவிடுகிறவள் மாதிரி ஓங்குவாள். பந்து பக்கத்தில் வந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். வெளியே போய்விட்டால்? கடைசி நொடியில் கை பிரேக் போட்டுவிடும். பந்து வலையைத் தாண்டினால் புண்ணியம்.

"அண்ணி, நீங்க பால அடிக்கறீங்களா, தட்டிக் குடுத்து தூங்க வெக்கறீங்களா?" என்று அமலா கேட்பாள். அமலா பெரிதாக எதையும் அடிக்கமாட்டாள். எது வந்தாலும் உயரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு அமைதியாக நிற்பாள். பாதிப் பேர் அந்த அமைதியிலேயே தோற்பார்கள்.

சவால் வந்த நாளிலிருந்து பாக்யாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெங்களூரில் அவள் ஆபீசுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்று இருந்தது. அதில் வேலை பார்க்கும் வினய் பங்காருப்பேட்டைப் பையன், அதே ரயில்தான். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போய் நின்றாள்.

"தம்பி, பலமா போற மாதிரி ஒரு ராக்கெட் குடு. கை என்னுது, பலம் அதுக்கு இருக்கணும்."

வினய் ஒன்றை எடுத்து நீட்டினான். தலை பெரிது, விளிம்பு தடிப்பு, தூக்கினால் எடையே தெரியவில்லை. "இது பவர் ராக்கெட் அக்கா. புதுசா கத்துக்கறவங்களுக்கும் இல்ல, பெரிய ஆட்டக்காரங்களுக்கும் இல்ல. நடுவுல கீறாங்களே, உங்கள மாதிரி, அவங்களுக்கு. நீங்க கொஞ்சம் வீசினா போதும், மிச்சத்த அது பாத்துக்கும்."

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்குமுன் மூன்று ஞாயிறு எடுத்துப் போய் ஆடிப் பார்க்கலாம். பதிலுக்கு, எப்படி இருந்தது என்று சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். அதைக் கடைக்காரர்கள் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். "பவர் எப்படி, கன்ட்ரோல் எப்படி, கைக்கு வலிக்குதா, யாருக்கு சரிப்படும். இவ்ளோதான் அக்கா. உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க" என்றான் வினய்.

முதல் ஞாயிறு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதே கை, அதே பயம், அதே பிரேக். ஆனால் பந்து விர்ரென்று பறந்து போய்ப் பின்கோட்டுக்கு முன்னால் அழகாக உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு அல்ல, கிளப் கூடையில் இருந்த பந்து முழுக்க. அமலாவே வாயைப் பிளந்தாள்.

"இன்னா அண்ணி இது, மந்திரிச்சி குடுத்தாங்களா?"

"இத்தினி வருஷம் கோளாறு எங்கிட்ட இல்லடி. அந்தப் பழைய கட்டைகிட்ட" என்றாள் பாக்யா. அந்தப் பழைய கட்டையை அன்றைக்கே அமலாவிடம் கொடுத்தும்விட்டாள். அமலாவுடைய ராக்கெட்டில் நரம்பு அறுந்து கிடந்தது. பழையது அவள் கைக்குச் சுகமாகப் பொருந்திவிட்டது. அடுத்த ஞாயிறும் அப்படியே. பாக்யா ராக்கெட்டுக்கு மனசுக்குள் நூற்றுக்கு நூறு போட்டு, மெசேஜில் என்ன சொல்வது என்றுகூட ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

இங்கேதான் இரண்டு பேரும் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. கூடையில் இருந்த பந்துகள் ரயில் பந்துகள். பெங்களூரில் பெரிய கிளப்புகள் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு ஒதுக்கும் பந்துகளை, அங்கே பந்து பொறுக்கும் ஆளிடம் சொல்லிவைத்து, மாசம் ஒரு துணிப்பை நிறைய வாங்கி ரயிலில் தூக்கி வருகிறவள் பாக்யாவேதான். "இன்னா பாக்யா, வெங்காயம் மலிவா?" என்று பெட்டியில் கேலி செய்வார்கள். கிளப் மொத்தமும் அந்தப் பந்தில்தான் ஆடியது. உள்ளே காற்றுச் செத்து, மேலே மயிர் உதிர்ந்து, துள்ளச் சொன்னால் யோசித்துத் துள்ளுகிற பந்து. அதிலேயே ஆடி ஆடி, பந்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஊரிகத்தில் எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. அந்தப் பந்தை வைத்துத்தான் பாக்யா ராக்கெட்டை எடைபோட்டிருந்தாள்.

சவால் நாளில் பந்து கொண்டுவருவது சவால் விட்டவர்களின் பொறுப்பு. அதுவும் பழைய வழக்கம்.

அன்று காலை பனி இன்னும் கலையவில்லை. ராஜப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சுனில் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியை இழுத்தான். புஸ்ஸென்று காற்றுப் பிரிந்தது. உள்ளே மூன்று பந்து, பளிச்சென்று மஞ்சள். பாக்யா ஒன்றைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கூடைப் பந்து ஞாபகம் வந்தது.

"ரூல் தெரியுமில்ல?" ராஜப்பா விரலை மடக்கினார். "ஆறு கேம். அஞ்சுக்கு அஞ்சு ஆனா ஒரே கேம்ல முடிவு, செகண்ட் ஷிஃப்ட்காரங்க காத்துக்கினு நிப்பாங்க. மேட்டுப் பக்கம் போன பால் போனதுதான், யாரும் பின்னால போவக்கூடாது. கொண்டாந்த பால் தீந்தா கூடைல கீற பால். ஆட்டம் நிக்கக்கூடாது."

மேடு என்பது கோர்ட்டுக்குக் கிழக்கே, தங்கம் பிரித்த பிறகு கொட்டிக் குவித்த சயனைட் மண் மேடு. மழை அறுத்து அறுத்து உள்ளே ஆள் உயரத்துக்குப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். அதில் விழுந்த ஆட்டுக்குட்டியையே தேடமாட்டார்கள், பந்தை யார் தேடுவார்கள்?

முதல் பந்தை பாக்யா எப்போதும் போலத்தான் தட்டினாள். அது சுனில் தலைக்கு மேலே, பின்கோட்டுக்கு மேலே, வேலிக்கும் மேலே பறந்தது. நல்லவேளை, அவன் பின்னால் இருந்தது மேற்கு வேலி. செகண்ட் ஷிஃப்டுக்குக் காத்திருந்த ஒருவர் பொறுக்கிப் போட்டார். அடுத்தது வேலியில் மோதியது. அதற்கடுத்து அவள் இன்னும் மெதுவாகத் தட்டினாள், வலையில் விழுந்தது. அப்புறம் தட்டியது மறுபடி வெளியே. கையை எவ்வளவு அடக்கினாலும் ராக்கெட் அடங்கவில்லை. பிரேக் போடப் போடப் பந்து தட்டையாகக் கிளம்பி, ஆணி அடித்த மாதிரி நேராக வெளியே போனது.

பக்கம் மாறியதும் அவர்களுக்கு எதிரே இருந்தது கிழக்கு. முதல் புதுப்பந்து மேட்டுக்குப் போனது.

"போச்சி" என்றார் ராஜப்பா.

சில்வியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல அக்கா, ரிலாக்ஸ்" என்றாள். ரிலாக்ஸ் என்று சொன்னால் யாருக்காவது ரிலாக்ஸ் ஆகியிருக்கிறதா? பாக்யாவுக்குக் காது சூடாகிவிட்டது.

ஒன்றுக்கு நாலு. அந்த ஒன்றும் அமலா தூக்கித் தூக்கிப் போட்டு வாங்கியது. பக்கம் மாறி மாறி, மறுபடி எதிரே மேடு வந்தபோது இரண்டாவது பந்தும் பறந்து போய் வெள்ளை மண்ணுக்குள் ஒளிந்துகொண்டது.

"அந்தப் பழசத் தரட்டுமா அண்ணி?" அமலா மெதுவாகக் கேட்டாள்.

"நீ எதுல ஆடுவ? கூடையிலயா?" என்று எரிந்து விழுந்தாள் பாக்யா. சொன்ன கையோடு வருத்தமாகவும் இருந்தது. ஆனால் அவள் கண் கூடை என்ற அந்தச் சொல்லின் பின்னாலேயே போனது. ராஜப்பா நாற்காலிக்குக் கீழே கூடை. கூடை நிறைய அவளுடைய ரயில் பந்துகள். இன்னும் ஒரே ஒரு புதுப்பந்துதான் பாக்கி. அதுவும் மேட்டுக்குப் போய்விட்டால் மிச்ச ஆட்டம் அந்தச் செத்த பந்தில்தான். அந்தப் பந்தில் இந்த ராக்கெட்டை ஜெயிக்க ஊரிகத்தில் யாருமில்லை.

ரூலில் இடம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு போயாகிவிட்டது. மூன்றாவதும் போனால், பாவம் கை நிற்கவில்லை என்றுதான் பார்ப்பார்கள்.

அவள் ஒரு தரம்கூட டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறாதவள். கூட்டத்தில் யாராவது சீட்டில் துண்டு போட்டு வைத்தால் சண்டைக்குப் போகிறவள். அப்படிப்பட்டவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆசையாக இருந்தது. சுனிலின் பந்து அவள் வலது கைக்கு வாகாக வந்தது. 'போய்த் தொலை' என்று, வாழ்க்கையில் முதல் தரமாக, கையை நிறுத்தாமல் கீழேயிருந்து மேலே, தோளைச் சுற்றிக்கொண்டு போகிற வரை முழுசாக வீசினாள்.

பந்து எகிறியது. வலைக்கு மேலே ஆள் உயரம் ஏறியது. ஏறிய பந்து சுழன்று சுழன்று, யாரோ மேலேயிருந்து அமுக்கின மாதிரி சட்டென்று இறங்கி, பின்கோட்டில் சுண்ணாம்பு தெறிக்க விழுந்து, சுனிலின் தோளுக்கு மேலே எழும்பிப் போய்விட்டது. வேலிக்கு உள்ளேதான்.

"உள்ளே!" என்று கத்தினார் ராஜப்பா. நாற்காலியிலிருந்து அவர் எழுந்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தார்கள். வேலியோரம் கை தட்டினார்கள்.

பாக்யாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. திருடப் போன வீட்டில் மாலை போட்டு வரவேற்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

அடுத்த பந்தையும் அனுப்பத்தான் பார்த்தாள். இன்னும் வேகமாக, இன்னும் முழுசாக. அதுவும் ஏறி, இறங்கி, உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும். பிரேக் போட்டு அவள் தட்டியபோதெல்லாம் ஓடிப்போன பந்து, துரத்தியடித்தால் சுழன்றுகொண்டு வீட்டுக்குள் வந்து விழுந்தது. அந்த ராக்கெட் கேட்டது முழு வீச்சு. பயந்த கைக்கு அது சொன்னபடி கேட்காது. இது அவளுக்குப் புரிய இரண்டு கேம் ஆனது. புரிந்த பிறகு மேட்டை அவள் பார்க்கவில்லை. அதற்காக முதல் அடியில் என்ன நினைத்தாள் என்பது இல்லையென்று ஆகிவிடாது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

நாலுக்கு நாலு. அஞ்சுக்கு அஞ்சு. செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி கேமில் பாக்யா இரண்டு பந்தை வலையில் அடித்துக் கலங்கடித்தாள். கடைசியில் ட்யூஸ், இரண்டு பக்கமும் சமம்; அப்புறம் இவர்கள் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. அதற்குள் சுனிலும் சில்வியாவும் பாக்யாவின் அடிக்குப் பயந்து பின்கோட்டுக்கும் பின்னால் போய், வேலியில் முதுகு இடிக்க நின்றிருந்தார்கள். சில்வியா அடித்த பந்து அமலாவிடம் வந்தது. அமலா தூக்கிப் போடவில்லை. அந்தப் பழைய கட்டையால் பந்தைத் தொட்டாள், அவ்வளவுதான். அது வலையைத் தாண்டிப் பொத்தென்று விழுந்து, இரண்டு தரம் துள்ளி நின்றது. சுனில் ஓடி வந்தான், பாதி தூரத்தில் நின்றுவிட்டான்.

"ஷிஃப்ட் மாறல" என்றார் ராஜப்பா.

கை கொடுக்கும்போது சுனிலுக்கு ராக்கெட் மேலேயேதான் கண். "செம்ம அக்கா. ஃபர்ஸ்ட்ல எல்லாம் வெளிய போச்சு, அப்புறம் இன்னா பண்ணீங்க? புடிச்ச கிரிப்ப மாத்தினீங்களா?"

"ஒண்ணும் பண்ணல. வெளிய அடிக்கத்தான் பாத்தேன். மேட்டுக்கு அனுப்பிட்டு கூடைல கீற பால வாங்கலாம்னு. அது உள்ள போய் விழுந்திட்ச்சி."

சுனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சில்வியாவும் சிரித்தாள். "நல்லா ஜோக் அடிக்கறாங்க இவங்க" என்று ராஜப்பாவிடம் போய் வேறு சொன்னாள். ராஜப்பாவும் சிரித்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து வினய்க்கு மெசேஜ் பேசினாள். "தம்பி, உள்ளது உள்ளபடி சொல்றேன். பவர் நெறய கீது. செத்த பாலுக்கு யார் ஆடினாலும் தேவாமிர்தம், அத்த நம்பி மோசம் போனேன். புதுப் பால உள்ள போடணும்னு பயந்து தட்டினா வெளிய போவுது. வெளிய போட்டும்னு முழுசா வீசினா உள்ள விழுது. யாருக்கு சரிப்படும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

உடனே பதில் வந்தது, நாலு சிரிக்கும் மூஞ்சியோடு. "அக்கா, காமெடி வேணாம். சீரியஸா ஒண்ணு பேசி அனுப்புங்க."

நாத்தனாரும் அண்ணியும் சுரங்கத்து லைன் வீடுகளைப் பார்த்து நடந்தார்கள். ஜெயித்தவள் மாதிரியே இல்லை பாக்யாவின் நடை. இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். நெஞ்சில் இருந்தது இறங்கவில்லை. தெருக் குழாயடிக்கு வந்ததும் வாயைத் திறந்தாள்.

"அமலா, நான் சுனில்கிட்ட சொன்னது ஜோக் இல்ல."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீங்க மேட்டப் பாத்தத நானும் பாத்தேன். கூடையப் பாத்ததையும்தான்."

பாக்யா நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் திரும்பிப் பார்க்கும் பிள்ளையைக்கூட எழுப்பி வெளியே அனுப்புகிறவள் அமலா. "பாத்துக்கினுதான் பேசாம நின்னியா? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

அமலா ராக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"எப்படி அண்ணி சொல்றது? அந்தப் பால் மேட்டுக்குப் போவட்டும்னு நானும்தான் முனீஸ்வரனுக்குத் தேங்கா வேண்டிக்கினேன்."

பாக்யா அவளையே பார்த்தாள். கணக்கு டீச்சர் முகம் சிவந்து போயிருந்தது. முதலில் பாக்யாவுக்குத்தான் சிரிப்பு வந்தது, அப்புறம் இரண்டு பேருக்கும். குழாயடியில் குடம் வைத்திருந்த எல்லம்மா என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது அங்கேதான் பாக்யாவுக்கு இறங்கியது.

"இப்ப அந்தத் தேங்கா ஒடைக்கணுமா, வேணாமா?" அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பால் மேட்டுக்குப் போவல. ஆனா ஜெயிச்சிட்டோமே."

பாக்யா நடந்துகொண்டே யோசித்தாள்.

"ஒடச்சிடு" என்றாள். "எதுக்குன்னு மட்டும் சொல்லாத."